நுஹா கற்ற மரியாதைக் கொரியன்

நுஹாவின் காருக்குள் ஒரு பெண் குடியிருந்தாள். காரைக் கிளப்பினால் போதும், திரையில் வட்டமும் கோடுமாக எழுத்துகள் ஓடும், தேன் தடவிய குரலில் அவள் ஏதோ சொல்லிவிட்டு அடங்கிப்போவாள். அரபி பேசும் ஸர்க்கா நகரத்தில் இதெல்லாம் அதிசயமே இல்லை. ஊரில் பாதிப் பேர் கொரியாவில் ஓடிக் களைத்த கார்களைத்தான் ஓட்டுகிறார்கள். திரையை அரபிக்கு மாற்றச் சோம்பல்பட்டவர்களின் கார்களிலெல்லாம் அந்தப் பெண் பேசிக்கொண்டுதான் இருப்பாள். அவள் ஸலாம் சொல்கிறாள் என்றே நுஹா நினைத்திருந்தாள். தினமும் காலையில் "வஅலைக்கும் ஸலாம்மா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள்.

அந்தக் காரைக் கப்பலேற்றி அனுப்பியவன் அவளுடைய தம்பி இயாத். இன்சோன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய கார் வாங்கி விற்கும் தொழில். வியாபாரத்துக்கென்று போனவன், மிரான் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அவர்களுக்கு ஆரின் என்று ஒரே மகள், ஐந்து வயது. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்ட நுஹாவுக்கு, கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாத நுஹாவுக்கு, உலகத்தில் இருக்கிற ஒரே மருமகள் அவள்தான். அந்தக் குழந்தையை அவள் இன்னும் தொட்டுப் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேசுவார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. ஆரினுக்குக் கொரியனைத் தவிர வேறு பாஷை தெரியாது. அந்த ஒரு நாள் தவிர இயாத் விடிந்ததும் கார்ப் பட்டறைக்கு ஓடி, பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவன். அரபி சொல்லிக் கொடுக்க அவனுக்கு ஏது பொழுது. அதனால் நுஹா சொல்வதை அவன்தான் மொழிபெயர்த்தாக வேண்டும். ஒரு நாள் நுஹா மூச்சுவிடாமல் பேசினாள். உன் கன்னத்தை அப்படியே கடித்துத் தின்ன வேண்டும் போலிருக்கிறது, நீ வந்தால் மொட்டை மாடியில் கூடாரம் போட்டுத் தருவேன், இரண்டு பேரும் அதற்குள் உட்கார்ந்து தர்பூசணி சாப்பிடலாம், விதையை எதிர் வீட்டு மாடிக்குத் துப்பலாம் என்றெல்லாம் சொன்னாள். இயாத் மகள் பக்கம் திரும்பி இரண்டே இரண்டு வார்த்தை சொன்னான். குழந்தை எழுந்து ஓடிவிட்டது.

"என்னடா சொன்னே அவகிட்ட?"

"அத்தை ஹலோ சொல்றாங்கன்னு சொன்னேன்."

"நான் சொன்னது ஹலோவாடா?"

"எல்லாத்தையும் சொல்ல எனக்கு வரணுமே அக்கா. எனக்குத் தெரிஞ்சது இன்ஜின் கொரியன்."

அதே போனில்தான் அவன் அந்தச் செய்தியையும் சொன்னான். ஏப்ரல் மாதம் மூவருமாக வருகிறார்கள். இரண்டு வாரம். அதற்குப் பிறகு ஆரினுக்குப் பள்ளிக்கூடம், மிரானுக்குப் புது வேலை, அடுத்த தடவை எப்போது என்று அவனுக்கே தெரியாது. நுஹா போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள், கூடத்துக்கு வந்தாள், மறுபடி அடுப்படிக்குப் போனாள். அடுத்த தடவை என்றால் பிள்ளை வளர்ந்திருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற வயதாகியிருக்கும். தம்பியின் வாய் வழியாக வடிகட்டி அனுப்பாமல், அந்தக் குழந்தை தன்னிடம் நேராக வாய் திறந்து பேச வேண்டும். இந்த இரண்டு வாரத்தில் அது நடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அத்தை என்பவள் போனில் தெரிகிற ஒரு முகம், அவ்வளவுதான்.

மறுநாளே கடைத்தெருவில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் போய் நின்றாள். ஆசிரியர் இல்லாமல் தானாகவே படிக்கிற மென்பொருள். இங்கிலீஷ், ஜெர்மன், துருக்கி எல்லாம் வகை வகையாக இருந்தன. கொரியனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அட்டையில் கோட்டு போட்ட இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். வியாபார நிமித்தம் பயணம் செய்வோருக்கானது என்று கீழே எழுதியிருந்தது. பாஷை பாஷைதானே என்று வாங்கி வந்துவிட்டாள்.

நுஹாவுக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. மத்தியான நேரத்தில் டாக்டர் சாப்பிடப் போய்விடுவார். நோயாளிகள் ஒன்றிரண்டு பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். திரையில் ஒரு குரல் ஒரு சொல்லைச் சொல்லும். இவள் திருப்பிச் சொல்ல வேண்டும். இவள் குரல் அலை அலையாகக் கோடு போடும். தப்பென்றால் சிவப்பு, சுமார் என்றால் மஞ்சள், சரியென்றால் பச்சை. முதல் மாதம் முழுக்க வீடு பற்றியெரிகிற மாதிரி ஒரே சிவப்பு.

எழுத்துகள் வெகு சுலபமாக வந்துவிட்டன. படுத்திய பாடெல்லாம் 'ப'தான். அரபியில் வல்லெழுத்து 'ப' கிடையாது. பெப்சியைக்கூட அங்கே உதட்டை அதிரவிட்டு மென்மையாகத்தான் கேட்பார்கள். கொரியனிலோ 'ப' மூன்று விதம். மெதுவாகச் சொன்னால் பாதம், மூச்சைத் தள்ளிச் சொன்னால் கை, உதட்டை அழுத்திச் சொன்னால் வேறொன்று. தமிழில் எழுதிக் காட்டலாம் என்றால் நமக்கும் ஒரே 'ப'தான். பாதமும் 'பல்', கையும் 'பல்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. பல் மருத்துவமனையில் உட்கார்ந்து படிக்க அது பொருத்தம்தான். ஆனால் நுஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையைச் சொல் என்று திரை கேட்கும், இவள் பாதத்தைச் சொல்வாள், சிவப்பு விழும்.

டாக்டருக்கு உதவியாக இருந்த ரிஹாபுக்கு இது தினசரி வேடிக்கை. நுஹாவின் வயதுதான், பத்து வருஷத்துப் பழக்கம். காலையில் வந்ததும், கம்பெனி இன்றைக்கு எந்த ஊருக்கு அனுப்புகிறது என்று விசாரிப்பாள். கையைச் சொல்லத் தெரியாதவள் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து எங்கே கூட்டிப் போகப் போகிறாய் என்பாள். ஆனால் வழியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஒரு நாள் மத்தியானம், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நுஹாவின் உதட்டுக்கு முன்னால் நீட்டினாள்.

"இதுல ஆவி படியிற மாதிரி சொல்லுடி. ஆவி படிஞ்சா கை, படியலைன்னா பாதம்."

நுஹா சொன்னாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இன்னும் தள்ளு என்றாள் ரிஹாப். மெழுகுவர்த்தி அணைக்கிற மாதிரி தள்ளினாள். எச்சில்தான் தெறித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்ட ரிஹாப் மறுபடி நீட்டினாள். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பூ பூத்து மறைந்தது. திரையைப் பார்த்தால் பச்சை! ரிஹாபுக்குத் தன்னை அடக்கிக்கொள்ள முடியவில்லை. நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு குலவையை எடுத்துவிட்டாள்.

காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். குலவை என்றால் நிச்சயதார்த்தம், வேறென்ன. தாடை வீங்கிய ஒரு கிழவர் எழுந்து வந்து, அந்த வீக்கத்தோடேயே நுஹாவுக்கு வாழ்த்துச் சொன்னார். மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று ஓரத்திலிருந்த ஒரு அம்மாள் விசாரித்தாள். ரிஹாப் முகத்தில் துளிச் சிரிப்பும் காட்டவில்லை. கொரியா, கோட்டு சூட்டு போட்ட கம்பெனி மேனேஜர் என்று சொல்லி வைத்தாள். சாயங்காலத்துக்குள் அந்தத் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நுஹாவுக்குக் கோபமே வரவில்லை. அவள் வாயில் 'ப' வந்திருந்தது. வீடு போகும் வழியெல்லாம் கை, கை, கை என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு பாஷை கதவைத் திறந்துவிட்ட மாதிரி உள்ளே வந்தது. ஒரு காலை நேரத்தில் காரைக் கிளப்பினாள். காருக்குள் இருந்த பெண் வழக்கம் போலத் தன் வாசகத்தைச் சொன்னாள். வஅலைக்கும் ஸலாம் என்று சொல்ல வாயெடுத்த நுஹா அப்படியே நிறுத்திக்கொண்டாள். அது சத்தம் இல்லை, பேச்சு. வார்த்தை வார்த்தையாகப் பிரிந்து காதில் விழுந்தது. தற்போதைய இடத்தைக் கண்டறிய இயலவில்லை. இத்தனை வருஷமாக இவள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்! எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் தவித்த ஒருத்திக்குத் தினமும் ஸலாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேனே என்று நினைத்து நுஹா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். அவள் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினாள், இன்னொரு தடவை கேட்பதற்காக.

ஏப்ரலில் விமான நிலையத்துக்குப் போனபோது அவளிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. பச்சை தவிர வேறு நிறமே விழாத வாக்கியம். கதவு திறந்தது. பெட்டி வண்டியின் மேல் உட்கார்ந்தபடி ஆரின் வந்தாள். நேர் வகிடு, தூக்கக் கலக்கம், கையில் ஒரு துணி முயல். நுஹா இயாதைக் கட்டிக்கொண்டாள், மிரானின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள், பிறகு குழந்தைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து சொன்னாள். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்: தங்கள் வருகையால் பெருமகிழ்ச்சி அடைகிறோம், பயணம் இனிதாக அமைந்ததா?

ஆரின் முயலால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மிரானின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இந்த அம்மாள் தன் பாஷையைப் பேசுகிறாளே என்று. இயாத் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான். அவன் தோள் குலுங்கியது. காரில் போகும்போது குழந்தை அம்மாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தது. மிரான் தனக்குத் தெரிந்த துண்டு அரபியில், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்: இவங்கதான் விமானத்துக்குள்ள மைக்ல பேசுனவங்களான்னு கேக்குறா.

அன்றிலிருந்து நுஹா எதைச் சொன்னாலும் அதே கதைதான். பழச்சாறு அருந்துகிறீர்களா என்று கேட்டால் பிள்ளை தலையை மட்டும் ஆட்டும். தங்கள் முயலின் பெயரை அறியலாமா என்று கேட்டால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மொட்டை மாடியில் கூடாரம் போட்டாள், உள்ளே தயவுசெய்து எழுந்தருளுங்கள் என்று கூப்பிட்டாள். ஆரின் முயலை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றுகொண்டாள். ஒரு வாரம் ஓடிவிட்டது. மருத்துவமனையிலிருந்து ரிஹாப் போன் செய்து, குட்டி மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று கேட்டாள். இன்னும் ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்றாள் நுஹா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் போனை வைத்த பிறகு தம்பியிடம் கேட்டாள், குழந்தைகிட்ட எப்படிடா பேசுறது என்று. நீ பேசுறதுல தப்பே இல்ல அக்கா, அதுதான் பிரச்சினை என்றான் அவன். கொரியனில் நீ, நீங்க, தாங்கள் எல்லாவற்றுக்கும் வேறு வேறு வால் உண்டு. குழந்தையிடம் பேச வினைச்சொல்லின் வாலை வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்று சொல்லிக் கொடுக்க அவனுக்குத் தெரியவில்லை. மென்பொருளில் தேடிப் பார்த்தாள். கோட்டு போட்டவர்கள் யாரும் யாரையும் நீ என்று கூப்பிடவே இல்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் மக்லூபா சமைத்தாள். அடியில் வறுத்த கத்தரிக்காய், மேலே கோழி, அதற்கு மேலே அரிசி என்று அடுக்கிப் பெரிய அண்டாவில் வேகவைத்து, அண்டாவை அப்படியே தாம்பாளத்தில் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்ததும் தூக்கிவிடக் கூடாது. கொஞ்ச நேரம் பொறுத்து, அண்டாவின் அடியைத் தட்டிக் கொடுத்து, பிறகு மெல்லத் தூக்கினால் கோபுரம் மாதிரி நிற்கும். கூடத்தில் விரிப்பு போட்டிருந்தது. நுஹாவும் இயாதும் அண்டாவை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து, பிஸ்மில்லா சொல்லி, ஒரே வீச்சில் கவிழ்த்தார்கள். இயாத் துணியை உதறிக்கொண்டு நிமிர்ந்தான். மிரான் தயிர் எடுக்க உள்ளே போயிருந்தாள். தலைகீழாக நின்ற அண்டாவின் பளபளப்பில் தன் முகம் கோணலாகத் தெரிவதைப் பார்த்த ஆரின், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

நுஹாவுக்கு யோசிக்க நேரமில்லை. வாயில் வந்தது இதுதான்:

"தயவுசெய்து தொடாதிருக்கவும், அத்தையே!"

தொடாதிருக்கவும் என்பது அருங்காட்சியகப் பாடத்தில் படித்தது. அத்தை என்றது கொரியச் சொல்லில்: கோமோ. அப்பாவின் உடன்பிறந்தவள். அது மென்பொருளில் இல்லை, தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஆனால் அதைக் குழந்தைக்குப் போட்டுக் கூப்பிட்டது ஸர்க்கா பழக்கம். அந்த ஊரில் அம்மா பிள்ளையை அம்மா என்பாள், அப்பா பிள்ளையை அப்பா என்பார், அத்தை மருமகளை அத்தை என்பாள். கூப்பிடுகிறவர் தன் உறவையே பிள்ளைக்குச் சூட்டிவிடுவார். நாம் மகளை வாம்மா என்பதில்லையா, அது போல. யாருக்கும் அது வித்தியாசமாகத் தோன்றாது. கொரியாவில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் தோன்றும்.

ஆரின் நின்றாள். நீட்டிய கை காற்றிலேயே நின்றது. அண்டாவை மறந்துவிட்டாள். புருவம் இரண்டும் ஒன்று சேர்ந்தன. இப்படி ஓர் அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டு போக முடியாது என்கிற முகம்.

"நான் கோமோ இல்ல. நீதான் கோமோ!"

எல்லா வார்த்தையும் நுஹாவுக்குப் புரிந்தது. நான் புரிந்தது, இல்லை புரிந்தது, வால் வெட்டின அந்த 'நீ'யும் புரிந்தது. கிடைக்காமல் கிடைத்ததை நழுவவிடக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. வேண்டுமென்றே தலையை ஆட்டினாள்.

"இல்லை. தாங்கள்தான் கோமோ."

"நான் ஆரின்!"

"நான்தான் ஆரின்," என்றாள் நுஹா, நெஞ்சில் கை வைத்து.

உள்ளேயிருந்து தயிர்ப் பாத்திரத்தோடு வந்த மிரான் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆரின் அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் முகத்தில் ஒரு பக்கம் இருக்க, மறு பக்கத்தில் வேறென்னவோ முளைத்தது. உதட்டைக் கடித்தாள். பிறகு, இத்தனை பெரிய ஆளைத் தன்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்பது விளங்கியவளாக, இடுப்பில் கை வைத்துக்கொண்டு விரிப்பைக் காட்டி ஏதோ உத்தரவு போட்டாள். நுஹாவுக்கு விளங்கவில்லை. ஆரின் அவள் முட்டியைப் பிடித்து அமுக்கினாள். ஓ, உட்காரு! உட்கார்ந்தாள். அடுத்த உத்தரவு வந்தது. கன்னத்தை உப்ப வைத்து மென்று காட்டினாள் ஆரின். சாப்பிடு! நுஹா அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னாள். பச்சையும் சிவப்பும் காட்டத் திரை இல்லை, ஆனால் அந்த முகம் எல்லாவற்றையும் காட்டியது.

இயாத் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "அக்கா, உங்க ரெண்டு பேர்ல யாரு அத்தைன்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம். சோறு ஆறுது." அண்டாவைத் தூக்கினார்கள். ரொம்ப நேரம் விட்டதால் கோபுரம் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. மிரான் சிரித்துச் சிரித்துத் தயிரைத் தரையில் சிந்தியிருந்தாள். ஒரு வயசிலிருந்து இவள் என்னிடம்கூடக் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வாள், இப்படி யாருக்கும் வாத்தியார் வேலை பார்த்ததில்லை என்று கணவனிடம் சொன்னாள்.

புது அத்தையான ஆரின் நுஹாவின் தட்டில் கத்தரிக்காய் எடுத்து வைத்தாள், எலும்பு இருக்கிறது பார்த்துத் தின் என்று எச்சரித்தாள், முயலையும் அவள் மடியில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். சரம் சரமாகப் பேசினாள். பத்தில் ஒன்றுதான் நுஹாவுக்குப் பிடிபட்டது. மீதி ஒன்பதுக்கும் ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில், கரண்டிச் சோறு பாதி விரிப்பில் விழுந்தது. அதற்கும் ஒரு திட்டு கிடைத்தது.

சாப்பாடு முடிந்ததும் ஆரின் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டு, இப்போது நீ கூப்பிடு என்று சைகை காட்டினாள். நுஹா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தயவுசெய்து வருகை தாருங்கள் என்று கொரியனில் சொன்னாள். குழந்தை அசையவில்லை. தலையைச் சாய்த்து, மந்தமான பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். அப்படியெல்லாம் இல்லை. வா. அந்தப் பாஷையிலும் அது அதேதான், ஒரே எழுத்து, நம் வாயில் வருகிற அதே வா.

நுஹா இரண்டு கையையும் விரித்தாள்.

"வா."

ஆரின் ஓடி வந்தாள்.